ரிப்பன் முடிச்சு மோதிரங்கள்: பழையதும் புதியதும் பார்த்து வாங்க

விற்பவர் ஒரு ரிப்பன் முடிச்சு மோதிரத்தை உங்கள் கையில் கொடுத்ததும் முதலில் அதைக் கவிழ்த்துப் பாருங்கள். முன்பக்கத்துக்கு அவசரம் வேண்டாம். அது எப்படியும் அழகாகத்தான் இருக்கும். தங்கத்தைத் துணிபோல மடித்துக் காட்டுவதற்கென்றே செய்த நகை அது. எந்தக் காலத்தில் செய்தது, முழுவதும் ஒரே கை செய்ததா, முதலிலேயே மோதிரமாகப் பிறந்ததா, எத்தனை முறை பழுது பார்த்தது என்பதெல்லாம் பின்பக்கத்தில்தான் தெரியும். காக்டெய்ல் மோதிரங்களில் எந்த வடிவத்தையும்விட ரிப்பன் முடிச்சுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். காரணத்தைப் போகப் போகச் சொல்கிறேன்.

பேச வசதியாகச் சில பெயர்களை வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடம் போகும் பெண்ணின் ரெட்டைச் சடையில் கட்டிய ரிப்பனை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் விரிந்து நிற்பவை காதுகள். நடுவில் இறுக்கிப் பிடிப்பது முடிச்சு. கீழே தொங்குபவை வால்கள். இவற்றோடு விரலைச் சுற்றி வரும் வளையம். இந்த நான்கும் சேர்ந்ததுதான் நாம் வாங்கப்போகும் மோதிரம்.

வடிவம் பழையது, மோதிரம் புதியது

ரிப்பன் முடிச்சு ஐரோப்பிய நகைகளில் 17ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. பதினான்காம் லூயியின் அரசவைப் பொற்கொல்லர் ஜில் லெகாரே 1663இல் வெளியிட்ட வடிவப் புத்தகத்தில் ரிப்பன் முடிச்சுகள் இருக்கின்றன. மார்பில் குத்திக்கொள்ளும் முடிச்சு வடிவ ப்ரோச்சுக்கு, அந்தக் காலத்தில் கடிதங்களால் புகழ்பெற்ற மதாம் த செவின்யேயின் பெயரே பிற்பாடு ஒட்டிக்கொண்டது. 1855இல் பாரிஸ் நகைக்காரர் பிரான்சுவா கிராமர் பேரரசி யூஜெனிக்குச் செய்த வைர முடிச்சு இந்த வகையின் உச்சம். 1887இல் பிரெஞ்சு அரச நகைகளை ஏலம் விட்டபோது கைமாறிப் போய், 2008இல் லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்த அந்த நகை, 2025 அக்டோபரில் நடந்த கொள்ளையில் மறுபடியும் பறிபோனது.

இவையெல்லாம் உடையில் அணியும் நகைகள் என்பதைக் கவனியுங்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், பிளாட்டினத்தில் மாலைகளும் முடிச்சுகளுமாக நகை செய்தபோதுகூட முடிச்சுக்கு உரிய இடம் ப்ரோச்சும் அட்டிகையும் கிரீடமும்தான். விரலில் ஏறும் பெரிய ரிப்பன் முடிச்சு பரவலாகக் கிடைப்பது 1930களின் பிற்பாதியிலிருந்து. ஆகவே “இது 1890களின் ரிப்பன் முடிச்சு மோதிரம்” என்று யாராவது சொன்னால், அது ப்ரோச்சாகப் பிறந்து பிற்பாடு மோதிரமானதா என்பதே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

பெரிய காக்டெய்ல் மோதிரத்தின் கதை அமெரிக்க மதுவிலக்குக் காலத்தோடு, அதாவது 1920 முதல் 1933 வரையிலான ஆண்டுகளின் இரவு விருந்துகளோடு, சேர்த்தே சொல்லப்படுகிறது. வலது கையில் அணிவது, கண்ணைப் பறிக்கும் அளவுக்குப் பெரிதாக இருப்பது, கல்யாண உறவோடு சம்பந்தமில்லாமல் ஒரு பெண் தனக்காக வாங்குவது ஆகியவை அதன் அடையாளங்கள். ஆனால் ரிப்பன் முடிச்சு மோதிரத்துக்குப் பொற்காலம் அதற்கு அடுத்த தலைமுறை. நகை வியாபாரிகள் ரெட்ரோ என்று சொல்லும் காலம், ஏறத்தாழ 1935 முதல் 1950 வரை.

ரெட்ரோ மோதிரத்தை லூப்பில் பார்ப்பது

இரண்டாம் உலகப்போரின்போது பிளாட்டினம் ராணுவத் தொழிலுக்குத் தேவைப்பட்டது. 1942இல் அமெரிக்க அரசு அதை நகைக்குப் பயன்படுத்தக் கட்டுப்பாடு விதித்தது. நகைக்காரர்கள் தங்கத்துக்குத் திரும்பினார்கள். செம்பு கூடுதலாகக் கலந்த சிவப்புத் தங்கம் அந்தக் காலத்தின் முத்திரையாகவே ஆகிவிட்டது. உடையில் ராணுவ மிடுக்கு ஏறிய ஆண்டுகளில், தங்கத்தை அகலமான ரிப்பனாக மடித்துப் பெண்மையைக் கூட்டிய இந்த மோதிரங்கள் நிறையவே செய்யப்பட்டன. அதனால் இன்றும் கிடைக்கின்றன. பழையதில் முதல் ரிப்பன் முடிச்சை வாங்குகிறவருக்கு நான் சொல்லும் யோசனை, நிறுவனப் பெயர் பொறிக்காத, 14 கேரட் சிவப்புத் தங்க அமெரிக்க மோதிரத்தைத் தேடுங்கள் என்பதே. பெயர் பெற்ற நிறுவனத்தின் விலை இல்லாமல் அந்தக் காலத்தின் முழு அழகும் அதில் கிடைக்கும்.

அப்படி ஒன்றைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பில் பார்ப்போம். காதுகள் தங்கத் தகட்டை மடித்துச் செய்தவை. உள்ளே வெறும் காற்றுதான். எடை குறைய வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள். காதின் விளிம்பை விரல் நுனியால் மெல்லத் தடவுங்கள். நெளிவு இருந்தால் கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும். மேலிருந்து அடிபட்டு உள்வாங்கிய தகட்டை உட்புறத்திலிருந்து நிமிர்த்துவது பெரிய வேலை. மூடிய காதாக இருந்தால் அநேகமாக முடியவே முடியாது. சிறு கீறல்களைப் பொருட்படுத்தாதீர்கள், குழிகளைக் கணக்கில் எடுங்கள். மெருகு போட்டுப் போட்டு மடிப்பின் கூர்மை மழுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். ரிப்பனின் ஓரம் வெட்டினாற்போல நிற்க வேண்டும். சோப்புக்கட்டி கரைந்ததுபோல உருண்டிருந்தால் அந்த மோதிரம் அழகில் பாதியை இழந்துவிட்டது. அதை எந்த ஆசாரியும் திருப்பித் தர முடியாது.

அடுத்தது முடிச்சு. அதில் பெரும்பாலும் சிவப்புக் கற்கள் ஒரு வரிசையாகவோ இரண்டு வரிசையாகவோ அமர்ந்திருக்கும். ஒவ்வொன்றும் தன் இடத்துக்கு ஏற்றபடி தனித்தனியாக வெட்டப்பட்ட சிறு சதுரம். இதைக் காலிப்ரே வெட்டு என்பார்கள். ஒரு கல் விழுந்தால் கடையில் அப்படியே வாங்கிப் பொருத்த முடியாது. அந்தக் குழிக்கு அளவெடுத்து வெட்ட வேண்டும். எனவே வரிசையில் ஒரு கல்லின் நிறம் மற்றதிலிருந்து மாறினாலோ, ஒன்று மட்டும் சற்றே தாழ்ந்து உட்கார்ந்திருந்தாலோ அது பிற்பாடு வைத்த கல்.

சிவப்புக் கல் எல்லாம் இயற்கை மாணிக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அகஸ்த் வெர்னூயி தீச்சுடரில் மாணிக்கம் உருவாக்கும் முறையை 1902இல் அறிவித்தார். 1940களில் அந்தச் செயற்கை மாணிக்கத்தை நல்ல நகைக்காரர்களே தாராளமாகப் பயன்படுத்தினார்கள். லூப்பில் அதற்குள் வளைந்த கோடுகள் தெரியும். சில சமயம் உருண்டையான காற்றுக் குமிழிகளும் தெரியும். இயற்கைக் கல்லில் நிறப் பட்டைகள் இருந்தால் நேர்கோடாகவோ கோணமாகவோ இருக்கும், வளையாது. சின்னக் காலிப்ரே கல்லில் இதைக் காண்பது எளிதல்ல; விலை பெரிதாக இருந்தால் ரத்தினப் பரிசோதனைக் கூடத்தின் சான்றிதழ் கேட்டுத்தான் ஆக வேண்டும். 1945ஆம் ஆண்டு மோதிரத்தில் செயற்கை மாணிக்கம் இருப்பது மோசடி ஆகாது. அது அந்த மோதிரத்தோடு பிறந்த கல். அதற்கு இயற்கை மாணிக்க விலை கேட்பதுதான் மோசடி.

வைரங்கள் காலத்தைக் காட்டிக்கொடுக்கும். ரெட்ரோ மோதிரங்களின் சிறு வைரங்கள் பெரும்பாலும் பதினேழு பதினெட்டுப் பட்டைகள் மட்டுமே கொண்ட எளிய வெட்டு. ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டுப் பட்டை கொண்ட இன்றைய வெட்டைப்போல அவை பொரிப்பொரியாக மின்னாது. பெரிய பெரிய துண்டுகளாக ஒளி விடும். முழுவதும் புது வெட்டுக் கற்கள் பதித்த “1940 மோதிரம்” சந்தேகத்துக்கு உரியது. க்யூபிக் ஸிர்கோனியா நகைச் சந்தைக்கு வந்தது 1970களில். ஆகவே அது இருந்தால் கல் மாறியிருக்கிறது, அல்லது மோதிரமே அந்தக் காலத்தது இல்லை.

ப்ரோச்சாக இருந்து மோதிரமானவை

முன்னரே சொன்னதுபோல, பழைய ரிப்பன் முடிச்சுகளில் ப்ரோச்சுகளே மிக அதிகம். இன்று ப்ரோச் அணிபவர்கள் குறைவு, மோதிரத்துக்குத்தான் விலை. ஆகவே சிறிய முடிச்சு ப்ரோச்சுகளும் காதணிகளும் சங்கிலிப் பூட்டுகளும் மோதிரங்களாக மாற்றப்படுகின்றன. இந்த மாற்றம் எப்படிப்பட்டது என்பதைப் பின்பக்கம் அப்படியே சொல்லிவிடும்.

ப்ரோச்சின் ஊசி ஒரு முனையில் கீலிலும் மறுமுனையில் கொக்கியிலும் நின்றிருக்கும். அவற்றை அறுத்து எடுத்து அரம்போட்டாலும் இரண்டு சின்னத் திட்டுகள் மிச்சம் இருக்கும். சுற்றியுள்ள உலோகம் காலத்தால் மங்கியிருக்க, அந்த இரண்டு இடங்கள் மட்டும் பளிச்சென்றோ வேறு நிறமாகவோ இருக்கும். இரண்டு காதுகளின் பின்னாலும், ஏறத்தாழ எதிரெதிரே, அவற்றைத் தேடுங்கள். பிறகு வளையமும் தலைப்பகுதியும் சேரும் இடத்தைப் பாருங்கள். மோதிரமாகவே பிறந்த நகையில் வளையத்தின் தோள்கள் காதுகளின் அடியில் படிப்படியாக அகன்று போய்ச் சேரும். மாற்றியதில் ஒரு நேரான வளையத்தின் மேல் முடிச்சைப் பொடி வைத்து ஊதிப் பற்றவைத்திருப்பார்கள். பற்று வழிந்த தடம் தெரியும். தலை வெள்ளியும் தங்கமுமாக, வளையம் மட்டும் புத்தம் புதிய 18 கேரட்டாக இருப்பதும், முத்திரை வளையத்தில் மட்டும் இருப்பதும் அதே கதைதான். இன்னொரு குறிப்பும் உண்டு. ப்ரோச்சின் பின்பக்கம் தட்டையாக இருக்கும்; விரலின் வளைவுக்கு ஏற்ப அது குழிந்திருக்காது. அணிந்து பார்த்தால் காதுகள் இரண்டும் பலகைபோல விரலை விட்டு எழும்பி நிற்கும்.

மாற்றிய மோதிரங்களை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 19ஆம் நூற்றாண்டு வைர முடிச்சை விரலில் போட்டுக்கொள்ள வேறு வழி அநேகமாகக் கிடையாது. விற்பவர் அதை மாற்றியது என்று சொல்லி, ரசீதிலும் எழுதி, அதற்குத் தக்க விலை கேட்டால் மகிழ்ச்சியாக வாங்கலாம். அந்த வகையில் 18ஆம் நூற்றாண்டு முடிச்சு ஏதாவது கிடைத்தால் கல்லின் பின்புறம் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் க்ளோஸ் செட்டிங் போலவே அவற்றில் கல்லுக்குப் பின்னால் மெல்லிய பளபளப்புத் தகடு வைத்து மூடியிருப்பார்கள். தண்ணீர் புகுந்தால் அந்தத் தகடு கறுத்து, கல் செத்துப்போகும். அப்படிப்பட்டதைக் கழுவவே கூடாது.

முத்திரைகள்

பிரான்சில் செய்த 18 கேரட் தங்கத்துக்குக் கழுகுத் தலை முத்திரை 1838 முதல் இருக்கிறது; பிளாட்டினத்துக்கு நாய்த் தலை 1912 முதல். இவை வளையத்தின் வெளிப்புறத்திலேயே, மிகச் சிறியதாக இருக்கும் என்பதால் பலர் தவறவிடுகிறார்கள். பிரிட்டனில் எந்த ஊர் பரிசோதனைக் கூடம் என்று சொல்லும் சின்னம் உண்டு: லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பர்மிங்காமுக்கு நங்கூரம், எடின்பரோவுக்குக் கோட்டை. ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் சேர்ந்திருந்தால் வயதே தெரிந்துவிடும். ஆனால் 1975க்கு முன்பு அங்கே பிளாட்டினத்துக்கு முத்திரைக் கட்டாயம் இல்லை. கல் பதித்த பழைய மோதிரங்கள் பலவற்றிலும் முழு முத்திரை இருக்காது; “18 கேரட், பிளாட்” என்ற எழுத்து மட்டும் இருந்தால் வளையம் தங்கம், கல் பதித்த தலை பிளாட்டினம் என்று பொருள்.

அமெரிக்காவில் அரசுப் பரிசோதனைக் கூடமே இல்லை. செய்தவரே தரத்தைப் பொறித்துக்கொள்வார். தரத்தோடு தன் வணிக முத்திரையையும் பொறிக்க வேண்டும் என்ற விதி 1961இல்தான் வந்தது. ஆகவே 1940களின் மோதிரத்தில் வெறும் “14கே” மட்டும் இருப்பது இயல்பு, அதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். ஜிஎஃப், ஆர்ஜிபி, எச்ஜிஇ என்ற எழுத்துகள் தங்க எண்ணைத் தொடர்ந்து வந்தால் அது வேறு சங்கதி. மூன்றுமே மேலே மட்டும் தங்கம் போர்த்தவை.

கார்த்தியே, வான் க்ளீஃப் போன்ற பெரிய பெயர் பொறித்த மோதிரம் கிடைத்தால் பெயரைக் கடைசியாக நம்புங்கள். பெயர் பொறிப்பது நகையைச் செய்வதைவிட எளிது. அந்த நிறுவனங்களின் நகையில் பின்பக்கமும் முன்பக்கத்துக்கு இணையாக மெருகேறியிருக்கும். கல்லுக்குப் பின்னால் உள்ள துளைகள்கூட ஒழுங்காக அறுத்திருக்கும். எழுத்து மட்டும் கூர்மையாகவும் சுற்றியுள்ள உலோகம் தேய்ந்தும் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

போர்க்காலத்து ஃபேஷன் நகைகளையும் ஒதுக்க வேண்டாம். டிரிஃபாரி, கோரோ போன்ற அமெரிக்க நிறுவனங்கள் மலிவு உலோகங்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோது வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசின. அதனால் 1940களின் ஃபேஷன் நகையில் “ஸ்டெர்லிங்” என்ற பொறிப்பு காலத்துக்குச் சாட்சி. டிரிஃபாரியின் வடிவமைப்பாளர் ஆல்ஃபிரட் ஃபிலிப் அதற்கு முன் கார்த்தியேவுக்கும் வான் க்ளீஃபுக்கும் போன நகைகளை வடிவமைத்தவர். அந்தக் கைத்திறன் கண்ணாடிக் கல் நகையிலும் தெரியும். கொஞ்சப் பணத்தில் கண்ணைப் பழக்கிக்கொள்ள இவைதான் சிறந்த பள்ளி.

1950களில் பிளாட்டினம் திரும்பி வந்தது. 1947இல் கிறிஸ்தியன் டியோர் காட்டிய புதிய உடை வடிவத்தோடு இடுப்பும் பாவாடையும் மாற, முடிச்சுகளும் மெலிந்தன. நீள்சதுர வைரங்களை வரிசையாக அடுக்கிய வெள்ளை முடிச்சுகள் அந்தப் பத்தாண்டுக்கு உரியவை. 1980களில் மஞ்சள் தங்கத்தில் உப்பிய முடிச்சுகள் வந்தன. அவை கனமானவை, உறுதியானவை. தினசரி போட விரும்புகிறவருக்கு ரெட்ரோவைவிட அவையே பொருத்தம்.

விலையை எப்படிக் கணக்கிடுவது

நமக்குப் பழக்கமான கணக்கு எடை, அன்றைய விலை, சேதாரம், செய்கூலி. பழைய காக்டெய்ல் மோதிரத்தில் இந்தக் கணக்கு அடிமட்ட விலையை மட்டும் சொல்லும். 14 கேரட்டில் 58.5 சதவீதம் தங்கம். பத்து கிராம் மோதிரத்தில் 5.85 கிராம் சுத்தத் தங்கம் என்றால், 916 நகையில் அதே எடைக்கு 9.16 கிராம். உருக்கினால் கிடைக்கும் தொகையைத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்கும் விலை அதைவிட எவ்வளவு கூடுதல் என்று பாருங்கள். அந்த வித்தியாசத்தைத்தான் நீங்கள் வேலைப்பாட்டுக்கும் வயதுக்கும் நிலைமைக்கும் கொடுக்கிறீர்கள். ரெட்ரோ மோதிரங்கள் உள்ளீடற்றவை என்பதால் பார்வைக்குப் பெரிதாக இருந்தும் எடை ஏமாற்றும். எடை கேட்காமல் விலை பேசாதீர்கள்.

ஏலத்தில் வாங்கினால் சுத்தியல் விழும் விலையோடு கணக்கு முடியாது. பெரிய ஏல நிறுவனங்கள் அதன் மேல் ஏறத்தாழ கால் பங்கு வாங்குபவர் கட்டணமாகச் சேர்க்கும், அதன் மேல் வரியும் வரும். 1000 பவுண்டுக்கு முடிந்தது கையில் சேரும்போது 1250ஐத் தாண்டியிருக்கும். முதலிலேயே கூட்டிப் பார்த்து உங்கள் உச்ச வரம்பைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் நிலைமை அறிக்கை கேட்டு வாங்கலாம், கட்டணம் இல்லை. “வளையம் மாற்றப்பட்டது”, “கற்கள் பிற்பாடு வைத்தவை” போன்ற வரிகள் அதில்தான் இருக்கும்.

நேரில் பார்க்க லண்டனில் போர்ட்டோபெல்லோ சாலைக்குச் சனிக்கிழமை, பெர்மண்ட்சிக்கு வெள்ளிக்கிழமை அதிகாலை. பாரிசில் சாந்த்-உவான் பழம்பொருள் சந்தை சனி முதல் திங்கள் வரை. ட்ரூவோ ஏலக்கூடத்தில் ஏலத்துக்கு முன்பு பொருளைக் கையில் எடுத்தே பார்க்கலாம். நியூயார்க்கில் 47ஆம் தெரு. சந்தைக் கடைகளில் “இதற்குக் கடைசி விலை என்ன?” என்று பணிவாகக் கேட்பது வழக்கம்தான், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஐந்தாறு கடைகளில் மோதிரங்களைக் கவிழ்த்துப் பார்த்த பிறகு பேரம் பேசத் தொடங்குங்கள். அதற்குள் கண் பழகிவிடும்.

தொலைவிலிருந்து படம் பார்த்து வாங்குபவர்கள் கேட்க வேண்டிய படங்கள் நான்கு: பின்பக்கம், வளையத்தின் உட்புறம், பக்கவாட்டிலிருந்து உயரம், ஒருவர் விரலில் அணிந்தது. பகல் வெளிச்சத்தில் எடுத்த சிறு காணொளி கிடைத்தால் இன்னும் நல்லது. பின்பக்கப் படம் அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள். “ஆர்ட் டெகோ பாணி” என்று காலத்தைச் சொல்லாமல் பாணியை மட்டும் விளம்பரம் சொன்னால் அது புது நகை. திருப்பி அனுப்பும் காலக்கெடு எத்தனை நாள், போக்குவரத்துச் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள். இந்தியாவுக்குள் கொண்டுவரப் போகிறீர்கள் என்றால் ரசீதைக் கைப்பையிலேயே வையுங்கள். சுங்க விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் பயணத்துக்கு முன் அன்றைய நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள்.

புதியதை வாங்கும்போது

கடந்த சில ஆண்டுகளில் ரிப்பன் மோகம் உடையிலும் தலைமுடியிலும் நகையிலும் ஒருசேரத் திரும்பியிருக்கிறது. ஷோமேயின் ‘ஆன்சொலான்ஸ்’, கிராஃபின் ‘டில்டாஸ் போ’ போன்றவை மேல்தட்டு. டிஃபனி வெள்ளியிலும் முடிச்சு மோதிரம் செய்திருக்கிறது. பண்டோராவில் அதைவிடவும் எளிய விலைக்குக் கிடைக்கும்.

புது மோதிரத்தில் நான் முதலில் பார்ப்பது இரண்டு காதுகளும் கண்ணாடிப் பிம்பம்போல அச்சு அசலாக இருக்கின்றனவா என்று. கணினியில் ஒரு காதை வரைந்து திருப்பி ஒட்டிய முடிச்சு உயிரற்றது. உண்மையான ரிப்பனைக் கட்டினால் ஒரு காது கொஞ்சம் தூக்கியும் ஒரு வால் சற்றுத் திரும்பியும் நிற்கும். நல்ல வடிவமைப்பாளர் அந்தச் சிறு கோணலை வேண்டுமென்றே வைப்பார். ஒரே விலையில் இரண்டு இருந்தால் கோணல் இருப்பதை எடுங்கள்.

முலாம் பூசியவற்றில் தடிமன் கேளுங்கள். வெர்மெய் என்று விற்பதற்கு அமெரிக்க விதி வெள்ளியின் மேல் குறைந்தது 2.5 மைக்ரான் தங்கம் கேட்கிறது. அதற்குக் குறைந்த முலாம் மோதிரத்தில், அதுவும் உள்ளங்கைப் பக்கத்தில், சீக்கிரமே தேய்ந்து வெள்ளி எட்டிப் பார்க்கும். காதணியில் தாங்கும் முலாம் மோதிரத்தில் தாங்காது.

ஆய்வக வைரம் பதித்த பெரிய முடிச்சு இன்று நியாயமான விலைக்குக் கிடைக்கிறது. காக்டெய்ல் மோதிரம் கண்ணுக்கு விருந்தாக அணிவது என்பதால் இந்த வகைக்கு ஆய்வக வைரம் நல்ல பொருத்தம் என்பதே என் கருத்து. ஆனால் திரும்ப விற்கும்போது கல்லுக்கு விலை வரும் என்று எண்ணாதீர்கள். தங்கத்துக்கு மட்டும் வரும்.

ஆசாரியிடமோ கோயம்புத்தூர்ப் பட்டறையிலோ சொல்லிச் செய்வதும் நல்ல வழி. அங்கே ஒன்றில் உறுதியாக இருங்கள்: 22 கேரட் வேண்டாம். காதின் விளிம்பும் வாலின் நுனியும் மெல்லியவை. 22 கேரட் தங்கம் அந்தத் தடிமனில் வளைந்துவிடும், கல்லைப் பிடிக்கும் நகங்களும் தளரும். 18 கேரட்டில் செய்யச் சொல்லுங்கள். கடையில் வாங்கினால் பிஐஎஸ் முத்திரையோடு ஆறு எழுத்து எண் கொண்ட எச்யூஐடி இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் அதுதான் சட்டம். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் கேரட் தெரிந்துவிடும்.

விரலில் ஏறிய பிறகு

ரிப்பன் முடிச்சு விரலுக்குக் குறுக்கே கிடக்கலாம், நெடுக்கே கிடக்கலாம். குறுக்கே கிடப்பது அக்கம்பக்கத்து விரல்களின் மேல் பரவும். கையை மூடித் திறந்து பாருங்கள். பக்கத்து விரலில் காது உரசினால் ஒரு மணி நேரத்தில் கழற்றி வைத்துவிடுவீர்கள். குட்டையான விரலுக்கு நெடுக்கே கிடப்பது நீளம் கூட்டிக் காட்டும். பிறகு மோதிரத்தோடு கையைக் கைப்பைக்குள் விட்டு எடுங்கள். பட்டுப்புடவை முந்தானையின் மேல் தடவிப் பாருங்கள். நூல் மாட்டினால் வாலின் நுனியோ ஒரு நகமோ தூக்கியிருக்கிறது. கடையிலேயே சரிசெய்து தரச் சொல்லுங்கள்.

தலை கனமான மோதிரம் விரலில் சுழன்று உள்ளங்கைப் பக்கம் வந்துவிடும். அதற்காக வளையத்தைச் சிறிதாக்கிவிட்டால் விரல் கணுவைத் தாண்டாது. வளையத்தின் உட்புறம், கீழ்ப்பகுதியில், இரண்டு சின்னத் தங்க மணிகளைப் பற்றவைத்தால் போதும், சுழலாது. அளவு கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருந்தால் வாங்குவதற்கு முன்பே கணக்குப் போடுங்கள். அமெரிக்க அளவு 6 என்பது உள்விட்டம் 16.5 மில்லிமீட்டர், 7 என்பது 17.3. இரண்டு அளவுக்கு மேல் மாற்ற வேண்டிய மோதிரத்தைத் தவிர்ப்பது நல்லது. வளையம் விரிய விரியக் காதுகளின் அடியில் உள்ள பற்றும் கற்களும் இறுக்கத்துக்கு ஆளாகும். மரகதம், ஓப்பல், முத்து, டர்க்காய்ஸ் இருந்தால் சுடர் வைத்துப் பற்றவைக்கக் கூடாது, லேசர் பற்று உள்ள பட்டறைக்கே கொடுங்கள். சிவப்புத் தங்கத்தில் ஒட்டுப்போடும்போது அதே நிறத் தங்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். மஞ்சள் ஒட்டு எட்ட இருந்தே தெரியும்.

காக்டெய்ல் மோதிரத்தை வலது கையில் போடுவது மேற்கத்திய வழக்கம். வலது கையால் பிசைந்து சாப்பிடும் நமக்கு அது சிக்கல். நெய்யும் சாதமும் காதுகளின் மடிப்புக்குள்ளும் கல்லுக்கு அடியிலும் போய் அடைந்துகொள்ளும், இரண்டே விருந்தில் வைரம் மங்கிவிடும். இடது கையில் அணியுங்கள், இல்லையென்றால் பந்திக்கு உட்காரும் முன் கழற்றிப் பையில் போடுங்கள். சேர்ந்த அழுக்கை வெதுவெதுப்பான தண்ணீரும் லேசான பாத்திர சோப்பும் மிருதுவான பல் துலக்கியும் கொண்டு பின்பக்கத்திலிருந்து தேய்த்து எடுங்கள். கழுவுத்தொட்டி அடைப்பானை மூடிவிட்டுக் கழுவுங்கள். கழுவும்போது காலிப்ரே கல் ஒன்று கழன்று விழுந்தால், அதை ஒரு சின்ன உறையில் போட்டு மோதிரத்தோடு சேர்த்து அதே வாரம் ஆசாரியிடம் கொண்டுபோங்கள். பக்கத்துக் கல்லைத் தாங்கி நின்றது அந்தக் கல்தான். ஒன்று போனால் அடுத்ததும் தளரத் தொடங்கும்.